எஃப்.ஐ.ஆரில் வண்டி எண் தப்பாக விழுந்துவிட்டால்

கேள்வி இதுதான். கேட்டவர் கடலூர்க்காரர். அவருடைய அண்ணன் கன்னியக்கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறார். ஞாயிறு இரவு ஷிப்ட் முடிந்து பைக்கில் வந்தவரை, புதுச்சேரி எல்லையைத் தாண்டிக் கடலூர் பக்கம் கொஞ்ச தூரத்தில் ஒரு மினி வேன் பின்னாலிருந்து இடித்துவிட்டது. இடது காலில் எலும்பு முறிவு. முதலில் கடலூர் அரசு மருத்துவமனை, அங்கிருந்து ஜிப்மர். அண்ணனின் மைத்துனர்தான் போலீசுக்கு வாக்குமூலம் கொடுத்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். இரண்டு வாரம் கழித்து எஃப்.ஐ.ஆரை எடுத்துப் பார்த்தால் நான்கு தப்பு. வேன் எண்ணில் டி.என் 31 என்பது டி.என் 32 ஆகிவிட்டது. தேதி ஒரு நாள் முந்தி இருக்கிறது. காயம் வலது காலில் என்று இருக்கிறது. அண்ணனின் இனிஷியலும் வேறு. ஸ்டேஷனில் போய்ச் சொன்னால், "எஃப்.ஐ.ஆர் போட்டாச்சு, இனிமே அதுல கை வைக்க முடியாது, கோர்ட்டுல பாத்துக்குங்க" என்கிறார்கள். இது உண்மையா, இழப்பீடு கிடைக்காமல் போய்விடுமா என்று கேட்கிறார்.

தம்பி, ஸ்டேஷனில் சொன்னது பாதி உண்மை. மீதிப் பாதியை அவர்கள் சொல்லவில்லை. கடலூர் நீதிமன்றத்தில் விபத்து வழக்குகளைப் பல வருடமாக நடத்துகிறவன் என்பதால், அந்த மீதியைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எஃப்.ஐ.ஆரை அழித்துத் திருத்த முடியாது என்பது சரி. வழக்குக்குக் குற்ற எண் விழுந்தவுடன் அதன் பிரதி குற்றவியல் நடுவருக்குப் போயாக வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 157வது பிரிவு, அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 176வது பிரிவு அது. 2016ல் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவின்படி 24 மணி நேரத்துக்குள் இணையத்திலும் ஏற்ற வேண்டும். பாலியல் குற்றம் போன்ற சில வழக்குகளுக்கு மட்டும் விலக்கு. ஆக அந்தத் தாள் ஸ்டேஷன் கையை விட்டுப் போய்விட்டது. அது உங்கள் நன்மைக்கும்தான். இன்று உங்களுக்காக ஓர் எண்ணை மாற்ற முடியும் என்றால், நாளை வேன் ஓனருக்காகவும் மாற்ற முடியும். அதே சம்பவத்துக்குப் புதிதாக இன்னொரு எஃப்.ஐ.ஆர் போடச் சொல்லவும் வழியில்லை. 2001ல் டி.டி. ஆண்டனி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை அடைத்துவிட்டது.

ஆனால் எஃப்.ஐ.ஆர் என்பது வழக்குக் கட்டின் முதல் தாள் மட்டும்தான். அதற்குப் பின்னால் சம்பவ இடத்தைப் பார்த்து எழுதும் மகஜர், ரஃப் ஸ்கெட்ச், சாட்சி வாக்குமூலங்கள், மோட்டார் வாகன ஆய்வாளர் (எம்.வி.ஐ) ரிப்போர்ட், கடைசியில் சார்ஜ்ஷீட் என்று எத்தனையோ தாள் சேரும். முதல் தாளில் உள்ள தப்பைச் சுட்டிக்காட்டும் தாள் ஒன்று அதே கட்டுக்குள் முறையாகச் சேர்ந்துவிட வேண்டும். நாம் திருத்தம் என்று கேட்பது இதைத்தான். புலன்விசாரணை அதிகாரி மைத்துனரையும் அண்ணனையும் கூடுதலாக விசாரித்து வாக்குமூலம் பதியலாம், பழைய 161, இப்போது 180. வண்டி எண்ணோ, பெயரோ, சட்டப்பிரிவோ மாறுகிறது என்றால், அந்த மாற்றத்தைச் சொல்லும் மாற்று அறிக்கையை, அதாவது ஆல்டரேஷன் ரிப்போர்ட்டை, நடுவருக்கு அனுப்பலாம். இந்தக் கடைசிப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். "எஃப்.ஐ.ஆரைத் திருத்திக் கொடுங்க" என்று கேட்டால் முடியாது என்றுதான் பதில் வரும். "கூடுதல் வாக்குமூலம் வாங்கிக்கொண்டு கோர்ட்டுக்கு ஆல்டரேஷன் ரிப்போர்ட் அனுப்புங்க சார்" என்று கேட்டால் பேச்சே வேறு மாதிரி போகும்.

இந்தத் தப்புகள் எப்படி விழுகின்றன என்று தெரிந்தால் உங்களுக்குக் கோபம் கொஞ்சம் குறையும், மனுவும் சரியாக எழுத வரும். ஆஸ்பத்திரியிலிருந்து ஸ்டேஷனுக்குத் தகவல் போகும். ஓர் ஏட்டோ எஸ்.எஸ்.ஐயோ வார்டுக்கு வருவார். பக்கத்தில் ஸ்ட்ரெச்சர் போய்க்கொண்டிருக்கும், உங்கள் மைத்துனருக்குத் தூக்கமில்லாத கண், அழுத குரல். அவர் சொல்லச் சொல்லத் தாளில் பேனாவால் எழுதுவார்கள். ஸ்டேஷனுக்குத் திரும்பியதும் ரைட்டர் அதைப் பார்த்துக் கணினியில் ஏற்றுவார். பேனாவில் எழுதிய 1 அங்கே 2 ஆகத் தெரிந்திருக்கலாம். விழுப்புரம் வண்டி 32, கடலூர் வண்டி 31, இரண்டும் அந்த ரோட்டில் நாள் முழுக்க ஓடுகின்றன. யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது. எழுதியதைப் படித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து வாங்க வேண்டும் என்று சுரக்ஷா சன்ஹிதாவின் 173வது பிரிவு சொல்கிறது. ஆனால் அந்த நேரத்தில் நிதானமாகப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற குடும்பத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. மைத்துனரை யாரும் குற்றம் சொல்லாதீர்கள்.

அதனால் முதல் வேலை, அந்தக் கையெழுத்து வாக்குமூலத்தின் நகல் வாங்குவது. எஃப்.ஐ.ஆரோடு சேர்ந்து அதுவும் நடுவர் மன்றத்துக்குப் போயிருக்கும். சான்றிட்ட நகலுக்கு மனுப் போட்டால் கிடைக்கும். எஃப்.ஐ.ஆர் நகலைப் புகார் கொடுத்தவருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் ஸ்டேஷனே இலவசமாகத் தர வேண்டும், அதற்குக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். வாக்குமூலத்தில் 31 என்று சரியாக இருந்து எஃப்.ஐ.ஆரில் 32 என்று இருந்தால், அது தட்டச்சுப் பிழை என்பது அங்கேயே முடிந்தது. அதிலும் 32 என்றே இருந்தால், சொன்னவரோ கேட்டவரோ தடுமாறியிருக்கிறார், அதற்கு வெளியிலிருந்து ஆதாரம் வேண்டும்.

நான்கு தப்பும் ஒரே எடை கொண்டவை அல்ல. இனிஷியல் தப்புக்கு ஆதார் நகலும் ரேஷன் கார்டும் போதும். நம் ஊரில் அப்பா பெயரின் முதல் எழுத்தைத் தமிழில் ஒரு மாதிரியும் ஆங்கிலத்தில் ஒரு மாதிரியும் போடுவது எல்லாக் கோர்ட்டுக்கும் தெரிந்த சங்கதி. கால் விஷயத்தில் எக்ஸ்ரேயும் ஜிப்மர் டிஸ்சார்ஜ் சம்மரியும் பேசும், எஃப்.ஐ.ஆர் எழுதியவர் டாக்டர் இல்லை. தேதியைப் பொறுத்தவரை, ஞாயிறு ராத்திரி பன்னிரண்டரை மணி என்று நாம் வாயால் சொல்வது கணக்கில் திங்கள் 00.30. விபத்து அப்போது நடந்திருந்தால் அது ஒரு வரி விளக்கம்தான். எஃப்.ஐ.ஆரில் தேதிக்குப் பக்கத்தில் கிழமைக்கும் ஒரு கட்டம் உண்டு, அதையும் பாருங்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்த நேரம், அங்கே போடும் ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரின் நகலில் (ஏ.ஆர் காப்பி) மணி நிமிடத்தோடு இருக்கும்.

வண்டி எண்தான் ஆபத்து. தப்பான எண் தப்பான ஓனரையும் தப்பான இன்சூரன்ஸ் கம்பெனியையும் வழக்குக்குள் இழுத்துவரும். 2022 ஏப்ரல் முதல் உள்ள மோட்டார் வாகன விதிகளில், விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கை, 50 நாளுக்குள் இடைக்கால அறிக்கை, 90 நாளுக்குள் விரிவான அறிக்கை என்று போலீசுக்குக் கெடு வைத்திருக்கிறார்கள். இவை விபத்துத் தீர்ப்பாயத்துக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் போகும். முதல் அறிக்கை 32 என்றே போயிருந்தால் போகட்டும், மற்ற இரண்டும் சரியாகப் போக வேண்டும். உங்களுக்கு இரண்டு வாரம்தான் ஆகியிருக்கிறது, இன்னும் நேரம் இருக்கிறது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். வண்டி எண் நடுவில் மாறினாலே, இன்சூரன்ஸ் இருக்கிற வண்டியாகப் பார்த்து மாற்றிவிட்டார்கள் என்று கம்பெனி வக்கீல் சொல்வார். அப்படி மோசடி செய்தவர்கள் இருப்பதால்தான் அந்தச் சந்தேகம் வருகிறது, உண்மையாக அடிபட்டவர்களும் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆகவே எண்ணை மாற்றச் சொல்லும்போது வெறும் வாய்வார்த்தையோடு போகாதீர்கள். முதலில் எம்-பரிவாகன் செயலியில் அந்த 32 எண்ணைப் போட்டுப் பாருங்கள். ஸ்கூட்டர் என்றோ டிராக்டர் என்றோ வந்தால், எஃப்.ஐ.ஆரில் மினி வேன் என்று எழுதியிருப்பதோடு அது ஒத்துப்போகாது, எண் தப்பு என்பதற்கு அதுவே சாட்சி. அப்புறம் 31 எண்ணைப் போட்டு அது சரக்கு வேன்தானா என்று பாருங்கள். அந்த வேனை மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்திருந்தால் அவருடைய ரிப்போர்ட்டில் முன் பம்பர் நசுங்கல், பெயின்ட் தேய்வு எல்லாம் இருக்கும். அன்று இரவு வண்டியை ஓட்டியது யார் என்று சொல்ல ஓனருக்குக் கடமை உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 133ன் கீழ் கேட்டால் அவர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும், அதை அதிகாரியிடம் கேட்கச் சொல்லுங்கள். அந்த நேரம் உதவிக்கு வந்தவர்களில் யாராவது செல்போனில் படம் எடுத்திருப்பார்கள், தேடிப் பிடியுங்கள்.

மனு ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். போலீசைக் குறை சொல்லும் வரி ஒன்றுகூட வேண்டாம். இந்த மாதிரி இருந்தால் போதும்:

"ஐயா, தங்கள் நிலையக் குற்ற எண் இன்னது வழக்கில் வாக்குமூலம் கொடுத்தவன் நான். விபத்து நடந்த இரவு பதற்றத்தில் இருந்ததால், பதிவானதை அப்போது சரிபார்க்க இயலவில்லை. முதல் தகவல் அறிக்கையின் நகலை இன்ன தேதியில் பார்த்தபோது, மோதிய வாகனத்தின் எண் டி.என் 32 என்று இருப்பதைக் கண்டேன். சரியான எண் டி.என் 31 என்று தொடங்கும் இன்ன எண். இதற்கு ஆதாரமாகக் கீழ்க்கண்ட நகல்களை இணைத்துள்ளேன். என்னையும் காயம்பட்டவரையும் மீண்டும் விசாரித்துக் கூடுதல் வாக்குமூலம் பதிவு செய்து, மாண்பமை குற்றவியல் நடுவர் மன்றத்துக்கு உரிய மாற்று அறிக்கை அனுப்புமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

மற்ற மூன்று தப்பையும் இதே பாணியில், இருப்பது என்ன, இருக்க வேண்டியது என்ன, ஆதாரம் என்ன என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரியில் எழுதுங்கள். எப்போது கண்டுபிடித்தோம் என்ற தேதியை விட்டுவிடாதீர்கள். பின்னால் குறுக்கு விசாரணையில் ஏன் இத்தனை நாள் சும்மா இருந்தீர்கள் என்று கேட்பார்கள், அதற்குப் பதில் அந்த வரியில் இருக்கிறது. மைத்துனர் ஒரு மனு, அண்ணன் தன் கையெழுத்தில் ஒரு மனு, இரண்டும் கொடுங்கள். இரண்டு பிரதி எடுத்துப்போய் ஒன்றில் ஸ்டேஷன் சீலும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் சண்டை வேண்டாம். அன்றே தபால் நிலையத்துக்குப் போய் ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்பிவிடுங்கள். அந்த ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்.

கூடுதல் வாக்குமூலம் எழுதும்போது கையெழுத்துக் கேட்கமாட்டார்கள். சட்டமே அப்படித்தான், புலன்விசாரணை வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்து இருக்கக் கூடாது. ஏமாற்றுகிறார்களோ என்று பதற வேண்டாம். எழுதியதை ஒரு தடவை படித்துக் காட்டுங்கள் என்று மட்டும் கேளுங்கள்.

ஸ்டேஷனில் நகராவிட்டால் டி.எஸ்.பிக்கும், பிறகு எஸ்.பி அலுவலகத்துக்கும் போகலாம். எஸ்.பி அலுவலகத்தில் புதன்கிழமை நேரில் மனு வாங்குகிறார்கள். அங்கேயும் பதில் இல்லையென்றால் எஃப்.ஐ.ஆர் போயிருக்கிற அதே நடுவர் மன்றத்தில் வக்கீல் மூலம் மனுப் போடலாம். விசாரணை முறையாக நடக்கும்படி பார்த்துக்கொள்ளும் அதிகாரம் நடுவருக்கு உண்டு என்று 2007ல் சகிரி வாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சார்ஜ்ஷீட் போன பிறகு தப்பைக் கண்டுபிடிக்கிறவர்களும் உண்டு. அவர்களுக்கும் சுரக்ஷா சன்ஹிதாவின் 193வது பிரிவின் 9வது உட்பிரிவில் மேல் விசாரணை என்ற வழி இருக்கிறது. சாட்சி விசாரணை தொடங்கிவிட்டால் கோர்ட் அனுமதி வேண்டும், 90 நாளில் முடிக்க வேண்டும். விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டிய கடமையும் அதே 193ல் இருக்கிறது. பலர் இதைக் கேட்பதே இல்லை.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன், ஏனென்றால் எஃப்.ஐ.ஆரை விட இதில் அதிகம் பேர் அடிபட்டுப் பார்த்திருக்கிறேன். கடலூர் அரசு மருத்துவமனையில் முதலில் சேர்த்தபோது போட்ட ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரின் நகலை, ஏ.ஆர் காப்பி என்பார்கள், இன்றே வாங்கிப் பாருங்கள். எப்படி அடிபட்டது என்று ஒரே ஒரு வரி இருக்கும். கூட வந்தவர் பதற்றத்தில் "பைக்கிலேர்ந்து விழுந்துட்டாரு" என்று சொல்லியிருந்தால், அங்கே "இருசக்கர வாகனத்தில் இருந்து தானாக விழுந்ததாக" என்று பதிவாகியிருக்கும். என்னிடம் வந்த ஒரு பெரியவர் வழக்கில் வேன் மோதியதற்குச் சாட்சி, மகஜர், ரிப்போர்ட் எல்லாம் இருந்தது. மருமகன் வாயில் வந்த அந்த ஒரு வரிக்காகக் குறுக்கு விசாரணையில் அரை நாள் நின்றோம். டாக்டர் தான் கேட்டதைத்தான் எழுதினார், அவர் மேல் தப்பில்லை. அதே தாளில் மது வாடை பற்றி ஏதாவது எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். புதுச்சேரியிலிருந்து ராத்திரி பைக்கில் வந்தவர் என்றாலே சிலருக்கு ஓர் எண்ணம் வந்துவிடுகிறது. சட்டத்தில் அளவு 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம். பரிசோதனை செய்யாமல் வாடை என்று மட்டும் எழுதியிருந்தால் அதற்கு வலு குறைவு, ஆனாலும் உங்கள் வக்கீலுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். தானாக விழுந்ததாக எழுதியிருந்தால், கூட வந்தவர் யார், அவர் விபத்தை நேரில் பார்த்தாரா என்பதைக் கூடுதல் வாக்குமூலத்தில் தெளிவாகப் பதியச் சொல்லுங்கள்.

இடத்தையும் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள். புதுச்சேரி ஒரே துண்டாக இருக்கிற மண் இல்லை. அந்த ரோட்டில் முள்ளோடையில் எல்லை தெளிவாகத் தெரியும், உள்கிராமச் சாலைகளில் அப்படி இல்லை. எஃப்.ஐ.ஆரில் ஸ்டேஷனிலிருந்து எந்தத் திசை, எத்தனை கிலோமீட்டர் என்று ஒரு கட்டம் இருக்கும், அது மகஜரோடு ஒத்துப்போக வேண்டும். சம்பவம் உண்மையில் புதுச்சேரிப் பக்கம் என்றாலும் எஃப்.ஐ.ஆர் செல்லாமல் போகாது. எந்த ஸ்டேஷனிலும் பூஜ்ய எண்ணில் பதிந்து உரிய ஸ்டேஷனுக்கு மாற்றலாம் என்று 173லேயே இருக்கிறது. அப்போது மனு புதுச்சேரி போலீசின் சீனியர் எஸ்.பி பக்கம் போகும், அவ்வளவுதான் வித்தியாசம். இழப்பீட்டு வழக்கை நீங்கள் குடியிருக்கும் கடலூரிலேயே போடலாம், மோட்டார் வாகனச் சட்டத்தின் 166வது பிரிவு அதற்கு இடம் கொடுக்கிறது.

இழப்பீடு கிடைக்குமா என்று கேட்டீர்கள். விபத்துத் தீர்ப்பாயம் குற்ற வழக்கைப் போலச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கச் சொல்வதில்லை. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்க்கும், 2009ல் உச்ச நீதிமன்றத்தின் பிம்லா தேவி வழக்கிலிருந்து இது உறுதி. எஃப்.ஐ.ஆர் தப்பாக இருக்கிறது என்ற ஒன்றுக்காக மட்டும் மனு தள்ளுபடி ஆகிவிடாது. ஆனால் 6 மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. ஆல்டரேஷன் ரிப்போர்ட் வரட்டும் என்று அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். தப்பைத் திருத்துங்கள், கதையைத் திருத்தாதீர்கள். "எஃப்.ஐ.ஆரில் பின்னால் இடித்தது என்று இருக்கிறது, எதிரே வந்து இடித்தது என்று மாற்றினால் கேஸ் பலமாகுமாமே" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். யாரோ டீக்கடையில் சொன்ன யோசனை அது. முதலில் சொன்னதற்கும் பின்னால் சொல்வதற்கும் உள்ள வித்தியாசத்தை எதிர்த்தரப்பு வரிவரியாகப் படித்துக் காட்டும். உண்மையான நான்கு திருத்தமும் அந்த ஒரு பொய்யோடு சேர்ந்து போய்விடும். அரசு ஊழியரிடம் தெரிந்தே பொய்த் தகவல் கொடுப்பது, புதிய தண்டனைச் சட்டமான நியாய சன்ஹிதாவின் 217ல் தனிக் குற்றமும் கூட.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு இரண்டு வார்த்தை. எஃப்.ஐ.ஆர் இன்னும் போடாமல், புகார் வந்தது என்று ஸ்டேஷனில் கொடுத்த சி.எஸ்.ஆர் ரசீது மட்டும் உங்கள் கையில் இருக்கிறது என்றால் இவ்வளவு பாடு வேண்டாம், அந்த சி.எஸ்.ஆர் எண்ணைக் குறிப்பிட்டுக் கூடுதல் மனு கொடுத்தால் சேர்த்துக்கொள்வார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் இடத்தில் உங்கள் பெயர் தப்பாக வந்திருந்தால் அது வேறு பாதை. விசாரணை அதிகாரியிடம் ஆதாரத்தோடு எழுதிக் கொடுங்கள், கூடவே வக்கீலைப் பாருங்கள், தேவைப்பட்டால் உயர் நீதிமன்றத்தில் சுரக்ஷா சன்ஹிதாவின் 528வது பிரிவின் கீழ் மனுப் போடுவது வரை போக வேண்டியிருக்கும்.

தம்பி, உங்கள் வழக்கில் மனுவுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அந்த ரோட்டில் பெட்ரோல் பங்க், ஓட்டல், மரக்கடை என்று கேமரா வைத்த இடங்கள் நிறைய இருக்கின்றன. சி.சி.டி.வி பதிவு இடம் நிரம்பினால் பழையதன் மேலேயே புதியது ஏறிவிடும், சில கடைகளில் இரண்டு மூன்று வாரம்கூடத் தாங்காது. நீங்கள் ஏற்கெனவே இரண்டு வாரம் கடந்துவிட்டீர்கள். இன்று சாயந்திரமே யாராவது ஒருவர் பைக்கை எடுத்துக்கொண்டு எல்லையிலிருந்து விபத்து நடந்த இடம்வரை இரண்டு பக்கமும் மெதுவாகப் பார்த்துக்கொண்டு வாருங்கள். கேமரா ரோட்டைப் பார்த்தபடி இருக்கிற கடையில் போய், அந்த ராத்திரி விபத்து நடந்த நேரத்துக்குக் கொஞ்சம் முன்னும் பின்னும் உள்ள பதிவை அழியாமல் எடுத்து வைக்கும்படி கேளுங்கள். எந்தெந்தக் கடை என்ற பட்டியலை மனுவிலேயே எழுதி, அந்தப் பதிவுகளைக் கைப்பற்றும்படி விசாரணை அதிகாரியைக் கேளுங்கள்.